வெட்டினால்தான் முழிக்கும்

என் அண்ணன் பொய் சொன்னால் எனக்கு உடனே தெரிந்துவிடும் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லும்போது இடது காதைச் சொறிவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்குச் சொறியவில்லை. ஒரு கையால் இன்னொரு கையின் மேல் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தானே, எந்தக் கையால் சொறிவான்?

"ஐயோ, உசுரே போயிடுச்சு. அந்த நர்சம்மாவுக்கு என் மேல அப்படி என்ன கோபமோ," என்றான். நானும் சிரித்துக்கொண்டே ஊசிப் பட்டியலில் அவன் பெயருக்கு நேராக 'போட்டாச்சு' என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். வளைத்து வளைத்து, நல்ல அழகான கையெழுத்து.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. தொண்டை அடைப்பான் என்று ஒரு நோய் உண்டு. டிப்தீரியா என்றால் சிலருக்குத் தெரியும். குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி போடுகிறோமே, அதில் ஒரு பங்கு இதற்காகத்தான். இந்தக் கிருமி தொண்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நச்சைக் கக்கும். கிருமி அங்கேயே உட்கார்ந்திருக்கும், நச்சு ரத்தத்தோடு ஊர் சுற்றும். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் கிருமி கிடையாது. நச்சு மட்டும் வரும். சுத்தம் செய்து, உறையவைத்து, சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பிகளில் வரும். அதோடு ஏழு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

அது ஒரு வேடிக்கையான சரக்கு. முழுசாக இருக்கும்வரை ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது. நாங்கள் அதைக் 'கட்டை' என்போம். "கட்டையை எடு", "கட்டை தீர்ந்துபோச்சு", இப்படி. அந்தக் கட்டையை ஒரே ஒரு இடத்தில் வெட்ட வேண்டும். வெட்டினாலும் உடனே பிரிந்துவிடாது. இரண்டு துண்டும் ஒரு கந்தகக் கண்ணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணியையும் அறுத்துவிட்டால், அதுவரை செத்துக் கிடந்த சின்னத் துண்டு நொதியாக முழித்துக்கொள்ளும். நொதி என்றால் தான் தேயாமல் வேலையை மட்டும் செய்துகொண்டே இருக்கும். களைக்காது, நிறுத்தாது. ஒரு செல் புரதம் தயாரிப்பதை அடியோடு நிறுத்த இந்தத் துண்டு ஒன்று போதும். புரதம் இல்லாவிட்டால் செல் செத்தது.

குழாயில் என்றால் வெட்டுகிறவள் நான். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஒரு திரவத்தை விட்டுக் கண்ணியை அறுக்கிறவளும் நான். உடம்புக்குள் யார் வெட்டுவது? அங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் செல்லே வெட்டுகிறது. தன் சொந்தப் புரதங்களை நறுக்கிச் சீர்செய்ய ஒரு கத்தரி வைத்திருக்கிறது, அதே கத்தரியால் இதையும் வெட்டிவிடுகிறது. கண்ணியை அறுப்பதும் நம் செல்தான். கிருமி அனுப்புவது கட்டையைத்தான். முழிக்கவைப்பது நாம். 'வெட்டினால்தான் முழிக்கும்' என்று எங்கள் கூடத்தில் தினமும் பத்துத் தடவையாவது யாராவது சொல்வோம்.

இந்தச் சரக்கோடு புழங்குவதால் எங்களுக்கும் எங்கள் வீட்டாருக்கும் ஊக்க ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி விதி. சின்ன வயதில் போட்ட ஊசியின் பலம் நாளாக நாளாகக் குறைந்துபோகும், அதனால். வீட்டார் பட்டியலை வைத்துக்கொண்டு ஆள் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பிடித்து இழுத்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று அண்ணி. இன்னொன்று அண்ணன்.

அண்ணனுக்குப் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, யாருடைய குழந்தை அறிவிப்பு அறையில் அழுதுகொண்டிருக்கிறது, எல்லாம் அவன் வாயால்தான் ஊருக்குத் தெரியும். அங்கே அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். எனக்கு அவன் வைத்த பெயர் 'விஷம்'. நான் மாடியிலிருந்து இறங்கி அவர்கள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, இரண்டாவது மாடியிலிருந்து வரவேண்டிய விஷம் சற்று நேரத்தில் வந்து சேரும், அனைவரும் தட்டுகளைத் தயாராக வைத்துக்கொள்ளவும்," என்பான். அண்ணி ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் ஊமைகள் மாதிரிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இந்த ஒலிபெருக்கி. "ஆஃப் பண்ற பட்டன் எங்க இருக்குன்னு உங்க வீட்டுல சொல்லவே இல்லையே," என்று என்னைக் கேட்பாள்.

ஒரு திங்கட்கிழமை அவனுக்குத் தொண்டை வலித்தது. செவ்வாய்க்கிழமை குரல் கம்மிப்போனது. தெருமுனை டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன அறை, ஒரு மேஜை, எடை பார்க்கும் கருவி, சுவரில் காதுக்குள் இருப்பதையெல்லாம் வெட்டிக் காட்டும் படம். டாக்டர் அண்ணனின் நாக்கை மரக்குச்சியால் அழுத்தி, டார்ச் அடித்து, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குச்சியை எடுக்காமலேயே என் பக்கம் திரும்பினார்.

"சாம்பல் கலந்த வெள்ளையா ஒரு படலம் தெரியுது. தொண்டை அடைப்பானா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரட்டுமா?"

நான் சிரித்தேன். சத்தம்போட்டே சிரித்தேன்.

"டாக்டர், அதுலதான் நான் ஏழு வருஷமா குப்பை கொட்டிட்டிருக்கேன். இவருக்குப் போன வருஷம்தான் ஊக்க ஊசி போட்டாச்சு. பட்டியல்ல என் கையெழுத்தே இருக்கு. அது வர்றதுக்கு வழியே இல்ல."

அண்ணன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான். நாக்கின் மேல் குச்சி. பேச முடியாது. கண்ணை மட்டும் அப்படியும் இப்படியும் உருட்டினான். வலி தாங்காமல் உருட்டுகிறான் என்று நினைத்து, "கொஞ்சம் பொறுத்துக்கோ," என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். டாக்டர் நல்ல மனிதர். என்னைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும் என்று அவர் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. "அப்ப நீங்க சொன்னா சரிதான்," என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

இரண்டு நாள். செவ்வாய் மாலையிலிருந்து வியாழன் காலை வரை. அந்த இரண்டு நாளில் கட்டை எத்தனை லட்சம் செல்லுக்குள் போயிருக்கும் என்று நான் கணக்குப் போடாத நாளே கிடையாது.

வியாழக்கிழமை காலையில் அண்ணி மேலே ஓடிவந்து கதவைத் தட்டினாள். போய்ப் பார்த்தால் அண்ணனின் கழுத்து தாடையோடு ஒட்டி வீங்கியிருந்தது. மூச்சு விடும்போது உறுமுகிற மாதிரிச் சத்தம். வாயைத் திறக்கச் சொல்லி என் போன் வெளிச்சத்தில் பார்த்தேன். தொண்டை முழுவதும் நனைந்த தோல் மாதிரி ஒரு சாம்பல் படலம். புத்தகத்தில் நூறு தடவை பார்த்த படம், என் அண்ணன் வாய்க்குள்.

"இருக்க முடியாது," என்றேன். "ஊசி போட்டிருக்கே!"

அவன் இடது காதைச் சொறிந்தான்.

"அந்த ஊசி இருக்கே..." குரல் காற்றாகத்தான் வந்தது. "போட்டுக்கல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நர்சுக்கு அந்த நேரத்தில் போன் வந்ததாம். பேசிக்கொண்டே வெளியே போனாளாம். தட்டில் பஞ்சும் ஒட்டும் பட்டையும் இருந்தனவாம். துரை தானே எடுத்து ஒட்டிக்கொண்டு வெளியே வந்து, உசுரே போயிடுச்சு என்றாராம்.

"அடப்பாவி!" என்று கத்தினேன். "ஊரையே அதட்டி பஸ் ஏத்துறே, ஒரு ஊசிக்கு பயந்தியா? செவ்வாய்க்கிழமையே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"டாக்டர் குச்சிய வச்சிருந்தாரு. அப்புறம் சாதாரண தொண்டை வலிதானேன்னு..." மூச்சு வாங்கினான். "நீ திட்டுவேன்னுதான்."

அண்ணியை ஆட்டோ கூப்பிட அனுப்பிவிட்டு, அவனுக்குச் சட்டையை மாட்டினேன். 

பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறை கொடுத்தார்கள். முகக்கவசம், மேல்சட்டை, கதவில் சிவப்பு எழுத்து. நச்சுமுறிவு மருந்து அங்கே இருப்பில் இல்லை. மூன்று மணி நேர தூரத்தில் உள்ள கிடங்கிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. ஒரு ஊசிக்குப் பயந்தவனுக்கு அன்றைக்கு மட்டும் பதினோரு ஊசி. ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்து ஒரு விரலை நீட்டிக் கணக்குக் காட்டினான். பத்துக்குப் பிறகு விரல் தீர்ந்துவிட்டதால் கால் கட்டைவிரலை ஆட்டினான்.

அண்ணி என்னோடு வெளியே வராந்தாவில் நின்றிருந்தாள். முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"உன் வேலையிலிருந்து வந்ததா?"

"இல்ல அண்ணி. எங்ககிட்ட கிருமியே கிடையாது."

"உன் துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்காதா?"

"வராது அண்ணி."

"நீ செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் சொன்னே."

சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர்கள் பஸ் நிலையத்தில் இன்னும் இரண்டு பேருக்குத் தொண்டையில் அதே கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். டிக்கெட் கவுன்டரில் ஒருவர், பெட்டி தூக்குகிற ஒருவர். அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். அண்ணி அதற்காக என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கிருமியை நான் கொண்டுவரவில்லை, சரி. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரட்டுமா என்று கேட்ட டாக்டரைத் தடுத்தது யார்?

அடுத்த செவ்வாய்க்கிழமை தொண்டை சுத்தமாகிவிட்டது. படலம் உரிந்துபோனது, வீக்கம் வடிந்தது, காய்ச்சல் இல்லை. அறைக்குள் வந்த டாக்டர்கள் எல்லோரும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அண்ணி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, முகக்கவசத்துக்குள்ளேயே மூக்கைச் சிந்திக்கொண்டு, அழுதாள். பஸ் நிலையத்திலிருந்து போன்மேல் போன். "ரேடியோ எப்ப வரும்? இங்க ஒருத்தன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு எல்லா பஸ்ஸையும் தப்பான மேடைக்கு அனுப்பிட்டிருக்கான்," என்று அவன் கூட்டாளி புலம்பினார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும் சனியன் பிடித்தவள் மாதிரி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தொண்டை என்பது கிருமி உட்கார்ந்த இடம், அவ்வளவுதான். நச்சு போன இடம் வேறு. நரம்புக்குப் போகும். இதயத்துக்குப் போகும். அங்கே போனது உடனே சத்தம் போடாது. இரண்டாவது வாரம் வரை வாயைத் திறக்காது.

புதன்கிழமை அண்ணி அவனுக்குப் பால் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தான். பால் மூக்கு வழியாக வந்தது.

"என்ன இது, குழாய் மாறிப்போச்சு," என்றான். குரலும் மூக்கிலிருந்துதான் வந்தது. அது அவனுக்கே வேடிக்கையாக இருந்தது. உடனே மூக்காலேயே, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்று ஆரம்பித்தான். அண்ணி சிரித்தாள். கதவருகே நின்ற நர்சும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் தலையைச் சாய்த்து நின்றேன். வாயின் மேல் அண்ணத்து நரம்பு செயலிழந்துவிட்டது. கட்டை அங்கே முழித்துவிட்டது என்றால் மற்ற இடத்திலும் முழித்திருக்கும்.

இதய டாக்டர் என்னைவிடச் சின்னவள். வரைபடத் தாளை நீட்டி வைத்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்," என்றாள். "தசை பாதிச்சிருக்கு. மின்சாரம் மேலேயிருந்து கீழே இறங்குறதுல தாமதம். அசையவே கூடாது. எழுந்து உட்காரக்கூடக் கூடாது."

"வேற?"

"வேற..." தாளைச் சுருட்டினாள். "பார்த்துக்கிட்டே இருப்போம்."

அன்று மதியம் அண்ணி சாப்பிடப் போயிருந்தபோது அண்ணன் என்னைக் கூப்பிட்டான்.

"விஷம், நேராச் சொல்லு. உன் கட்டை இப்ப என்ன பண்ணிட்டிருக்கு?"

"ஒண்ணும் இல்ல. தூங்கு."

"காதைச் சொறியாமச் சொல்லு பாப்போம்."

எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கையை இறக்கினேன். சொன்னேன். ஏழு வருஷமாக எத்தனையோ பேருக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். கட்டையாகத்தான் வரும், செல் அதைத் தன் கத்தரியால் வெட்டும், உள்ளே இழுத்துக்கொள்ளும், கண்ணியையும் அறுத்துவிடும், அப்புறம் அது முழித்துக்கொள்ளும் என்றேன்.

"அப்ப அந்தப் பதினோரு ஊசி?"

"அது வெளியே சுத்திட்டிருக்கிற கட்டையைத்தான் பிடிக்கும். உள்ளே போனதை அதால தொட முடியாது."

"உள்ளே போனதை எதால தொட முடியும்?"

போர்வையை இழுத்து அவன் காலை மூடினேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"அப்ப, நானே வெட்டி, நானே அறுத்து, நானே எழுப்பியும் விட்டிருக்கேன்," என்றான். "நான் எந்த வேலையையும் இவ்வளவு ஒழுங்கா முடிச்சதே இல்லையே."

"சிரிக்காதே. சிரிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"சரி சரி. அண்ணிகிட்ட இதெல்லாம் சொல்லாதே."

வியாழக்கிழமை இதயத்தின் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் பேச்சுவார்த்தை முற்றாக நின்றுபோனது. துடிப்பு முப்பத்தி இரண்டுக்கு இறங்கியது. கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு கம்பியை உள்ளே விட்டு, வெளியே ஒரு பேஸ்மேக்கர் பெட்டியை மாட்டினார்கள். கையடக்கமான பெட்டி, இரண்டு திருகு. பெட்டி தட்டும், தசை சுருங்கும். திரையில் பெட்டி தட்டும்போது ஒரு மெல்லிய குச்சி நிமிரும், அதை ஒட்டி ஒரு அகலமான மேடு வரும். குச்சி பெட்டியுடையது, மேடு இதயத்துடையது. எண் எழுபது என்று காட்டியது. அண்ணி அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரே குடித்தாள். "எழுபது நல்லதுதானே?" என்று வருகிறவர்கள் போகிறவர்களையெல்லாம் கேட்டாள். நல்லதுதான் என்றார்கள்.

நான் வெள்ளிக்கிழமை காலை ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மேலங்கியை மாட்டி, உறைபெட்டியின் மூன்றாவது தட்டை இழுத்தேன். 'தடுப்பான்கள்' என்று என் கையால் எழுதிய டப்பா. முழித்துவிட்ட துண்டை நிறுத்தக்கூடிய மருந்துகள், பதினான்கு. குழாயில் எல்லாமே நிறுத்தும், அழகாக நிறுத்தும். வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். தட்டில் வளர்த்த செல்லில் போட்டால் ஐந்து உள்ளேயே போகாது. மிச்ச ஒன்பதும் நச்சுக்கு முன்னால் தாங்களே செல்லைக் கொன்றுவிடும். இதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, தேதி போட்டு, 'பயனில்லை' என்று நோட்டில் எழுதியவள் நான்தான். எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறேன்.

ஒவ்வொரு குப்பியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எதில் என்ன இருக்கிறது என்று மனப்பாடம். இருந்தும், ஏதாவது ஒன்றை மறந்திருப்பேனோ, பதினைந்தாவது ஒன்று இருக்குமோ என்று தேடினேன். கதவு திறந்தே கிடந்ததால் உறைபெட்டி கூவ ஆரம்பித்தது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்தார். என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, குடுங்க. நான் வச்சுடறேன்," என்றார். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

விரல்கள் மரத்துப்போய் டப்பாவோடு ஒட்டியிருந்தன. அவர்தான் பிரித்து எடுத்தார்.

திரும்பி வந்தபோது அண்ணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று மேலங்கியைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கழற்ற மறந்துபோயிருந்தேன்.

"ஏதாவது கிடைச்சுதா?"

"இல்ல அண்ணி."

"நீ ஏழு வருஷமா அங்க என்னதான் பண்ணினே?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அது எப்படி முழிக்குதுன்னு கண்டுபிடிச்சோம்."

"தூங்கவைக்கிறதுக்கு?"

"அது வேற ஆளுங்க பார்த்துட்டிருக்காங்க அண்ணி," என்றேன். "இன்னும் வரல."

அவள் தலையை ஆட்டினாள். டோக்கன் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க என்று தினமும் சொல்கிறவள் அவள். அன்றைக்கு அவளிடம் அதைச் சொல்லும் இடத்தில் நான் இருந்தேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி தன் கைக்குட்டையை நீட்டினாள், ஆனால் என் பக்கம் நகர்ந்து உட்காரவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். பேச விடவில்லை அவர்கள். உதட்டை மட்டும் அசைத்து, "பசிக்குது," என்றான். மூக்குக் குழாயில் உணவு போய்க்கொண்டிருந்தது. "வாய்க்குப் பசிக்குதா?" என்று கேட்டேன். ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தான். திங்கட்கிழமை டாக்டரிடம் கேட்டு ஒரு வாய் வாங்கித் தருகிறேன் என்றேன். காதைச் சொறியவில்லை. வாங்கித் தரத்தான் நினைத்தேன்.

பதினொரு மணிக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குச்சிக்குப் பின்னால் மேடு வரவில்லை. அடுத்ததற்கு வந்தது. பத்து தள்ளி மறுபடியும் ஒன்று வரவில்லை. நான் நர்சைக் கூப்பிட, நர்ஸ் இதய டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் ஓடிவந்து பெட்டியின் திருகைக் கூட்டினாள். மேடுகள் திரும்பி வந்தன. பத்து நிமிஷம் ஒழுங்காக வந்தன. பிறகு இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. திருகு அதன் கடைசி எல்லையில் நின்றது. பெட்டியால் தட்டத்தான் முடியும். சுருங்க வேண்டிய தசை புரதம் தயாரிப்பதை நிறுத்தி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

நாற்பது நிமிஷம். கதவின் கண்ணாடியில் உள்ளே முதுகுகள் மாறி மாறி மேலும் கீழும் போவது தெரிந்தது. அண்ணி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். பிறகு முதுகுகள் நின்றன. இதய டாக்டர் கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டாள். அவள் நெற்றியெல்லாம் வேர்வை.

"ரொம்ப முயற்சி பண்ணினோம்," என்றாள்.

அண்ணி அவளைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. நேராகத் திரையைப் பார்த்தாள். அவசரத்தில் பெட்டியை யாரும் நிறுத்தவில்லை. அது தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. குச்சி, குச்சி, குச்சி. நடுவில் தரை மாதிரி ஒரு கோடு. அந்த முட்டாள் திரை, குச்சிகளையே துடிப்பென்று எண்ணி, எழுபது என்று காட்டிக்கொண்டிருந்தது.

இதய டாக்டர் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினாள். அண்ணி பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏன் தொடுறீங்க? எழுபது இருக்கு! ஓடுது பாருங்க, எழுபது!"

டாக்டர் என்னைப் பார்த்தாள். நர்சுகளும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் அதை அண்ணிக்குச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அண்ணி, அது பெட்டி. அண்ணன் இல்ல."

"நீ பேசாதே! உனக்கு என்ன தெரியும்? ஓடிட்டிருக்கு. அவங்கதான் நிறுத்தப் பாக்கிறாங்க."

"எனக்குத் தெரியும் அண்ணி."

அவள் விரல்களை டாக்டரின் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். என்ன பலம் அவளுக்கு. கடைசி விரலைப் பிரித்ததும் டாக்டர் பெட்டியை அணைத்தாள். குச்சிகள் நின்றன. எண் இருந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் வந்தன.

அண்ணி என் தோளில் சாய்ந்துகொண்டு அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுபது இருந்துச்சு," என்றாள் என்னிடம். "நீயும் பாத்தேல்ல?"

"பாத்தேன் அண்ணி," என்றேன்.